டியூப் இல்லாத மலை

கல்யாண பஸ் திரும்ப இடமில்லை என்று மேல் வளைவில் நின்ற இரும்புக் கம்பத்தை ஊரே கூடி நின்று கைதட்டிப் பிடுங்கிய அன்றைக்குத்தான் எங்கள் மலைக்குப் பஞ்சர் ஆனது. அந்தக் கம்பம் எதற்காக அங்கே நின்றது என்று யாருக்கும் தெரியாது. அதில் ஆடு கட்டினார்கள், ஈரத் துணி போட்டார்கள், தேர்தல் வந்தால் கொடி கட்டினார்கள், குடித்துவிட்டு வருகிறவர்கள் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தங்கள் வீடு எந்தப் பக்கம் என்று யோசித்தார்கள். ஜேசிபி இழுத்தபோது முதலில் வரமாட்டேன் என்றது, பிறகு முனகிக்கொண்டே வந்தது, வந்தது வந்துகொண்டே இருந்தது, ஒரு தென்னை நீளத்துக்கு வந்து, கடைசியில் பாம்பு நாக்கு மாதிரி இரண்டாகப் பிளந்த நுனியோடு ரோட்டில் விழுந்தது. அது நின்ற இடத்தில் தொடைப் பருமனுக்கு ஒரு ஓட்டை, ஓட்டைக்குள்ளிருந்து உஸ்ஸ்ஸ் என்று ஒரு காற்று. பஸ் திரும்பியது, பெண்ணும் மாப்பிள்ளையும் போனார்கள், பந்தியில் பாயசம் தீர்ந்துபோன சண்டையும் தீர்ந்தது, உஸ் மட்டும் நிற்கவில்லை.

நான் சுகிர்தா. ப்ளஸ் ஒன் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டேன். ஏன் என்று கேட்டால் சொல்ல நீளமான காரணம் எதுவும் இல்லை, உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். எங்கள் பாசிக்கொம்பையில் ரெஜினா அக்கா மலைச் சைக்கிள்களை வாடகைக்கு விடுகிறார். ஊர் பார்க்க வருகிறவர்களைத் தேயிலைக் காட்டு ஒற்றையடிப் பாதையில் கூட்டிப் போய், எலும்புகள் அதனதன் இடத்தில் இருக்கும்படி திரும்பக் கொண்டு வந்து விடுவது என் வேலை. முதுகில் ஒரு பை இருக்கும். டயருக்குள் ஊற்றுகிற ரப்பர் பால் ஒரு புட்டி, ஓட்டையில் செருகுகிற பிசுபிசுத்த ரப்பர் திரி, திரியைக் கோத்துக் குத்துகிற ஊசி, டயரை நெம்புகிற லீவர், கிழிசலுக்கு உள்ளே வைக்கப் பழைய டயரில் வெட்டிய துண்டு, கைப் பம்பு, எல்லாவற்றுக்கும் அடியில் சுருட்டிக் கட்டிய ஒரு டியூப். இந்தக் கடைசிச் சாமான்தான் ஊருக்குச் சிரிப்பு.

"ஏம்மா சுகி, டியூபே இல்லாத டயருன்னு பீத்திக்கிறீங்க, அப்புறம் எதுக்கு டியூப்பத் தூக்கிட்டு அலையுற? வழுக்கத் தலையன் சீப்பு வச்சிருக்க மாதிரி?" என்று பஸ் டிரைவர் செபாஸ்டின் அண்ணன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார், நானும் பார்க்கும்போதெல்லாம் பதில் சொல்வேன்.

"முள்ளு குத்தினா பாலே அடைச்சிரும். ஆணி குத்தினா திரி அடைக்கும். பாறை கிழிச்சா என்ன பண்றது, நடுக்காட்டுல உங்க பஸ்ஸு வந்து தூக்கிட்டுப் போகுமா?"

"பஸ்ஸு ரோட்டுலயே போக மாட்டேங்குது, இதுல காட்டுக்கு வேற."

"அப்ப டியூப்பப் பத்திப் பேசாதீங்க."

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு நிறுத்திச் சொல்ல எனக்குப் பொறுமை இருக்காது. இந்த மாதிரி டயரில் ஆணி ஏறினால் பதறிப்போய்ப் பிடுங்கக் கூடாது, ஏறிய ஆணிதான் தன் ஓட்டையைத் தானே அடைத்துக்கொண்டிருக்கிறது, திரியைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆணியைத் தொட வேண்டும். இது சைக்கிள் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். மலையும் அப்படித்தான் என்று எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை.

மலை இறங்குகிறது என்று முதலில் சொன்னவரும் செபாஸ்டின் அண்ணன்தான், ஏனென்றால் அவருடைய பஸ் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக நேரத்துக்கு வந்தது. மறுநாள் நேரத்துக்கு முன்னாலேயே வந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது அடிவாரத்தில் வருகிற முதல் கொண்டை ஊசி வளைவு நிமிர்ந்துவிட்டது என்றும், 'கவனம், கூர்மையான வளைவு' என்ற மஞ்சள் போர்டு நேரான ரோட்டின் ஓரத்தில் வேலை போனவன் மாதிரி நிற்கிறது என்றும் சொன்னார். யாரும் ஆச்சரியப்படவில்லை. "கீழ போகட்டும், ஆஸ்பத்திரி பக்கத்துல வரும்" என்றார்கள். ஆஸ்பத்திரி பக்கத்தில் வந்தது. காது அடைப்பது நின்றது. குளிரில் பொங்காமல் அழ வைக்கிற இட்லி மாவு ஒரே ராத்திரியில் பொங்கிப் பாத்திரத்தைத் தாண்டி அடுப்படியெல்லாம் வழிந்தது, பெண்கள் அதைக் கரண்டியால் வழித்துக்கொண்டே சிரித்தார்கள். புட்டியில் கட்டியாய்க் கிடந்த தேங்காயெண்ணெய் உருகியது. ஸ்வெட்டர்கள் கொடியில் தொங்கின, தொங்கிய ஸ்வெட்டருக்குள் குருவி கூடு கட்டியது, கொசு வந்தது, கொசுவைப் பார்த்திராத பிள்ளைகள் அதற்குப் பேர் வைத்தார்கள். வார்டு மெம்பர் கதிர்வேலன் மேல் வளைவில் ஒரு பேனர் கட்டினார், 'மக்களுக்காக மலையையே இறக்கிய மாண்பாளர்' என்று, கீழே கை கூப்பியபடி அவர் படம். பிடுங்கிய கம்பத்தைத் தன் வீட்டு வாசலில் நட்டுக் கொடி ஏற்றிக்கொண்டார்.

எங்கள் வீட்டில் நடந்தது வேறு. அப்பா தேயிலை ஃபேக்டரியில் தூள் சலிக்கிற அறையில் வேலை பார்த்தவர், அந்தத் தூள் அவர் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எனக்கு நினைவு தெரிந்து அவர் படுத்துத் தூங்கியது கிடையாது, சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்துதான் தூங்குவார். பேச்சும் அப்படித்தான், மூன்று வார்த்தைக்கு மேல் ஒரு மூச்சில் வராது. "சுகி. தண்ணி. கொண்டா." "மழை. வருது. துணிய எடு." கீழே கூட்டிப் போய் வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னபடி ஒரு தடவை மேட்டுப்பாளையத்தில் ரூம் எடுத்துத் தங்கியும் பார்த்தோம். அங்கே மூச்சு வந்தது, ஆனால் அம்மாவுக்கு வேலை கிடைக்கவில்லை, அவருக்குப் பேச ஆள் கிடைக்கவில்லை, சோற்றை ஒதுக்கி வைத்துவிட்டு மலையையே பார்த்துக்கொண்டிருந்தார், திரும்பி வந்துவிட்டோம். கம்பம் பிடுங்கிய பிறகு வந்த ஒரு காலையில் நான் எழுந்து பார்த்தால் அப்பா தரையில் மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். எழுந்தவர், சுவரைப் பிடிக்காமல், வாசலில் நின்று, "இந்தப் பக்கத்து வீட்டுச் சேவலு விடியறதுக்கு முன்னாடியே கூவுதுன்னு எத்தனையோ வருஷமா சொல்லணும்னு நெனச்சிருக்கேன், மூச்சு பத்தாம சும்மா இருந்துட்டேன், இன்னிக்கு அவன்கிட்ட சொல்லிட்டு வந்துர்றேன்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார். அம்மா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அழுதார்.

அம்மா பேர் தெய்வானை, தேயிலை பறிக்கிறவர், காரணம் தெரியாமல் எதையும் விடாதவர். ஓட்டை உஸ் என்றது, அதன் பிறகுதான் புருஷனுக்கு மூச்சு வந்தது; உஸ் என்பது பாம்புச் சாமி இல்லாமல் வேறு என்னவாக இருக்க முடியும்? ஒரு சொம்பு பசும்பாலும் ஒரு முட்டையும் எடுத்துக்கொண்டு மேல் வளைவுக்குப் போய், ஓட்டையைச் சுற்றி மஞ்சள் தடவி, பாலை ஊற்றி, முட்டையை உள்ளே போட்டார். முட்டை உள்ளே போகவில்லை. காற்று அதை ஏந்திக்கொண்டது. ஓட்டைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் முட்டை மெல்லச் சுற்றிக்கொண்டு நின்றது. அதன் பிறகு ஊரில் யார் சும்மா இருப்பார்கள்? ஆளுக்கொரு முட்டை கொண்டு வந்தார்கள், அத்தனையும் ஒன்றின் மேல் ஒன்று இடிக்காமல் சுற்றிக்கொண்டு நின்றன, தகரக் கொட்டகை போட்டார்கள், மணி கட்டினார்கள், பிள்ளை இல்லாதவர்கள் தொட்டில் கட்டினார்கள், சுற்றுலாக்காரர்கள் போட்டோ எடுத்தார்கள், முட்டை விலை ஏறியது.

"அம்மா, அது பாம்பில்ல. காத்து" என்றேன்.

"உனக்குத் தெரியுமோ? படிக்கச் சொன்னப்ப படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"படிச்சவங்களுந்தான் முட்ட கொண்டு வர்றாங்க."

"வாய மூடு. உங்கப்பாவுக்கு மூச்சு குடுத்தது அது. பாம்போ காத்தோ, எனக்கு அது சாமி."

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

காற்று இறங்கிய டயரை ஓட்டினால் முதலில் சுகமாகத்தான் இருக்கும், மெத்தையில் போகிற மாதிரி. பிறகு சக்கர வளையம், அதான் ரிம், தரையில் இடிக்கும். எங்கள் மலைக்கும் அதுதான் நடந்தது. உள்ளே இருந்த பாறைகள் தோலை முட்டிக்கொண்டு மேலே வர ஆரம்பித்தன. மாரியம்மன் கோயில் பின்சுவரில் விரிசல், பள்ளிக்கூடத் தரையில் விரிசல், ரெஜினா அக்கா வீட்டுச் சமையலறையின் நடுவில் ஒரு பாறை பூனை உயரத்துக்கு எழும்பி நின்றது. "வாடகை குடுக்குதான்னு கேளு" என்று அக்கா சொன்னார், சிரிக்கவில்லை. சைக்கிள்கள் ஷெட்டில் சும்மா நின்றன, இறக்கம் இல்லாத மலையில் ஓட்ட யார் வருவார்கள்? தண்ணீர்க் குழாய் ஒன்றுவிட்டு ஒன்று உடைந்தது. எல்லாவற்றையும் விடப் பெரிய அடி தேயிலைக்கு. நல்ல கொழுந்தைக் கிள்ளினால் டிக் என்று ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தம் குளிரில்தான் வரும். வெக்கை ஏற ஏறக் கொழுந்து துவண்டு, ரப்பர் மாதிரி இழுபட்டு, கிள்ளினால் வராமல் நாராகத் தொங்கியது. ஃபேக்டரி வாசலில் மூட்டைகளைத் திருப்பி அனுப்பினார்கள். அம்மா பாதி மூட்டையோடு போய், அதையும் திருப்பித் தூக்கிக்கொண்டு வந்து, வாசலில் கொட்டிவிட்டு உட்கார்ந்தார். சில வீடுகளில் பெட்டி கட்ட ஆரம்பித்தார்கள்.

பேனரில் இருந்த மெம்பரின் முகத்தில் யாரோ சாணி அடித்தார்கள். மெம்பர் பேனரை அவிழ்த்துவிட்டு, ஒரு லாரி காங்கிரீட் கலவையைக் கொண்டு வந்து ஓட்டையில் கொட்டினார். முட்டைகள் கலைந்து போய்ச் சுற்றி நின்றவர்கள் தலையில் உடைந்தன. காங்கிரீட் இறுகியது, மலை ஒரு தடவை அசைந்து உட்கார்ந்தது, காங்கிரீட் பிஸ்கட் மாதிரி நொறுங்கியது, உஸ் இன்னும் பெரிதாக வந்தது. வளைகிற ஒன்றை வளையாத ஒன்றால் அடைத்தால் அப்படித்தான்.

பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம் போட்டார்கள். ஒருத்தர் பூசை போடலாம் என்றார், ஒருத்தர் கலெக்டருக்கு மனு என்றார், ஒருத்தர் போர்வையைச் சுருட்டி அடைக்கலாம் என்றார். எனக்குக் கால் அரித்தது. எழுந்தேன்.

"நான் அடைப்பேன்" என்றேன். "இது டியூப் இல்லாத மலை. ஆணியப் பிடுங்கிட்டோம். திரி போட்டா நிக்கும்."

"அப்ப இத்தன நாளா என்ன பண்ணிட்டிருந்த?" என்று மெம்பர் எகிறினார்.

"எங்கப்பா படுத்துத் தூங்குறதப் பாத்துட்டிருந்தேன். அடைக்கத் தெரியும். அடைக்கலாமான்னு தெரியல. அவரக் கேட்டுட்டு வந்து சொல்றேன்."

அப்பாவின் இருமலைக் கேட்காத வீடு எங்கள் தெருவில் கிடையாது. மெம்பர்கூட உட்கார்ந்துவிட்டார்.

வீட்டில் அப்பா புகையிலைக்காரரோடு வாசலில் பேசிக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் யார் கிடைத்தாலும் பேசினார், தபால்காரர் அவரைக் கண்டால் சந்து வழியாகச் சுற்றிப் போனார். நான் நேராகச் சொன்னேன், சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

"அப்பா, ஓட்டைய அடைச்சுக் காத்து அடிச்சா மலை பழையபடி மேல போயிரும். அடைக்கலன்னா ஊரு உடைஞ்சிரும். அடைச்சா உங்களுக்கு மூச்சு போயிரும். என்ன பண்ணட்டும்?"

"அடைக்காத" என்றார் அம்மா உள்ளேயிருந்து. அவருடைய கூலியே அந்தக் கொழுந்தில்தான் இருந்தது, அப்படியும் சொன்னார். "தேயில போனாப் போகுது. நான் செங்கச் சூளைக்குப் போறேன். அவரு படுத்துத் தூங்கட்டும்."

அப்பா எதிர்வீட்டு விரிசலைக் கை காட்டினார். பிறகு சொன்னார்: "ரிம்மு போனா சைக்கிளே போச்சுன்னு நீதான சொல்லுவ, ஊரு போயிட்டா நான் இவ்வளவு மூச்ச வச்சுக்கிட்டு எந்தச் சேவல்காரன்கூடப் போயிச் சண்ட போடுறது, அடைச்சிரு பாப்பா, நான் பேச வேண்டியதெல்லாம் கொஞ்சம் பேசிட்டேன்."

அதைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. இவர்கள் இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுத்து நடுவில் என்னை நிறுத்துகிறார்கள். அப்போதுதான் என் மண்டைக்கு உறைத்தது, தினமும் காலையில் நான் என்ன செய்கிறேன் என்று. டியூப் போட்ட டயருக்குக் கல் மாதிரிக் காற்று அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பாறையில் இடித்து டியூப் நசுங்கி ஓட்டையாகும். டியூப் இல்லாத டயருக்கு அந்தக் கவலை கிடையாது. காற்றைக் குறைத்து ஓட்டலாம், குறைத்து ஓட்டினால்தான் பிடிப்பு, அதற்காகத்தான் இந்த டயரே. தினமும் காலையில் நான் டயரை அமுக்கிப் பார்த்துக் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுவதும் அதற்குத்தான்.

திரும்ப மைதானத்துக்கு ஓடினேன். "அடைக்கிறேன். ஆனா முழுசாக் காத்து அடிக்க மாட்டேன். கொழுந்தும் ஒடியணும், எங்கப்பாவுக்கு மூச்சும் இருக்கணும், அந்த அளவுக்குத்தான்."

"அது எப்படி?" என்றார் மெம்பர். "ஊரு எல்லையில நம்ம உயரம் இத்தன அடின்னு போர்டு வச்சிருக்கு. அதுக்குக் குறையக் கூடாது."

"போர்ட மாத்தி எழுதுங்க. எழுத்த மாத்தறது ஈசி."

"நீ யாரும்மா முடிவு பண்ண?"

"பையத் தூக்கிட்டு அலையறவ" என்றார் செபாஸ்டின் அண்ணன், பின்வரிசையிலிருந்து. இத்தனை நாள் சிரித்தவர் இப்போது சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்தபோது எல்லோர் முகமும் என் பையையே பார்த்தது.

என் பையில் இருந்த திரி விரல் நீளம். மலைக்கு அது போதாது. அதனால் ஊரில் இருந்த பழைய டியூப் எல்லாம் கேட்டேன், எங்கள் ஊரில் டியூப் இல்லாத வீடு ஏது? விறகு கட்டிய டியூப், தண்ணீர்க் குழாயில் சுற்றிய டியூப், கூரைத் தகரத்தை இழுத்துக் கட்டிய டியூப், ஜீப் டியூப், லாரி டியூப், பிள்ளைகள் கவண் செய்த டியூப். ரெஜினா அக்காவின் ஷெட்டில் புதிதாகப் பெட்டிக்குள் இருந்ததும் வந்தது, என் பையின் அடியில் கிடந்ததும் வந்தது. அறுத்து நாடாவாக்கி, தேயிலை பறிக்கிற பெண்கள் ரோட்டில் வரிசையாக உட்கார்ந்து ஜடை பின்னுகிற மாதிரி பின்னினார்கள், பின்னியதை மறுபடி பின்னினார்கள், மாமியார் கதைகளையும் சேர்த்துப் பின்னினார்கள், சாயங்காலத்துக்குள் ஒரு யானைத் தும்பிக்கை பருமனுக்குத் திரி வந்தது. செபாஸ்டின் அண்ணன் பஸ்ஸைக் கீழே ரப்பர் தோட்டத்துக்கு ஓட்டிப் போய், கேன் கேனாகப் பாலைச் சீட்டில் உட்கார வைத்துக் கொண்டு வந்தார். கேனுக்கெல்லாம் டிக்கெட் கிழித்ததாகக் கண்டக்டர் சொன்னார். ஊசிக்கு மெம்பர் வீட்டு வாசலுக்குப் போனோம்.

"என் கொடிக்கம்பம்" என்றார்.

"மலையோட ஆணி" என்றேன். "அதோட நுனி பிளந்திருக்கு பாருங்க. திரி கோக்கத்தான் லாயக்கு."

கொடியை அவரே இறக்கினார்.

திரி போடுவதற்கு முன்னால் உள்ளே தடவிப் பார்க்க வேண்டும். ரெஜினா அக்கா என் காலைப் பிடித்துக்கொள்ள, நான் ஓட்டைக்குள் தோள் வரை கையை விட்டேன். உள்ளே மலை வெதுவெதுப்பாக இருந்தது. கை போன இடமெல்லாம் முள். யாரோ எப்போதோ அடித்த கூடாரக் கட்டைகள், முறிந்த தந்திக் கம்பங்கள், எல்லைக் கற்கள், பட்டுப்போன மரங்களின் ஆணி வேர்கள், ஒவ்வொன்றையும் சுற்றி மலை தன் பாலை உறைய விட்டு வழவழவென்று மூடி வைத்திருந்தது. இத்தனை குத்தும் வாங்கிக்கொண்டு அது காற்று இறங்காமல் நின்றிருக்கிறது, நாமும் அதன் முதுகில் கல்யாணம் செய்து, காய் விளைவித்து, சண்டை போட்டுக்கொண்டு இருந்திருக்கிறோம். கையை எடுத்துவிட்டுச் சொன்னேன்: "இனிமே இந்த மலையில யாரும் எதையும் பிடுங்காதீங்க. ஒரு வேலிக்கல்லக்கூட."

மறுநாள் காலையில் கொட்டகைக் கூரையைப் பிரித்துவிட்டு, திரியை ரப்பர் பாலில் முக்கி, கம்பத்தின் பிளவில் நடுவாக மாட்டி, ஊரில் இருந்த அத்தனை ஆண்களும் பெண்களும் தொங்கிக் குத்தினோம். பாதிக்கு மேல் இறங்கியது. வாலை மட்டும் வெளியே விட்டு, ஒரே இழுப்பில் கம்பத்தை உருவச் சொன்னேன். திரி உள்ளேயே நின்றது. உஸ் கொஞ்சம் இழுத்தது, விக்கியது, நின்றது. அந்த அமைதியில் பூனை நடக்கிற சத்தம் கேட்டது. அம்மா கொட்டகை மணியைப் பிடித்துக்கொண்டு நின்றார், அடிக்கவில்லை.

"வால்வு எங்க?" என்று ரெஜினா அக்கா கேட்டார்.

அதற்கு எல்லோருக்கும் பதில் தெரிந்திருந்தது, யாரும் யோசிக்கத்தான் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு மேலே முன்பு தண்ணீருக்காக ஒரு போர்க்குழாய் இறக்கினார்கள், தண்ணீர் வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது, திட்டிக்கொண்டே இரும்பு மூடியைத் திருகி மூடிவிட்டுப் போனார்கள். அங்கே போய் மூடியைக் கழற்றினோம். ஊரில் இருந்த சைக்கிள் பம்புகள் வந்தன, பள்ளிக்கூடத்துப் பந்து பம்பு வந்தது, கொல்லர் துருத்தி, மாதா கோயில் ஆர்மோனியம், அடுப்பு ஊதுகிற குழல்கள், ஒன்றும் கிடைக்காதவர்கள் வாயோடு வந்தார்கள். வரிசையில் நின்று ஒவ்வொருவராக ஊதினார்கள், இத்தனை நாள் பேசாமலிருந்த பங்காளிகள் ஊதினார்கள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தாய்மார்கள் ஊத, பிள்ளைகளும் எச்சிலோடு ஊதின, மெம்பர் மேடையில் பேசச் சேர்த்து வைத்திருந்த மூச்சையெல்லாம் ஊதினார், மலை மெல்ல, மாவு பொங்குகிற மாதிரி, யாருக்கும் கால் தடுமாறாமல், எழும்ப ஆரம்பித்தது.

நான் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு பக்கம் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் அம்மா, ஒவ்வொரு கொழுந்தாகக் கிள்ளிப் பார்த்துக்கொண்டு. இன்னொரு பக்கம் கல்லில் உட்கார்ந்து அப்பா, நான் சொன்னபடி நிறுத்தாமல் பேசிக்கொண்டு. ஃபேக்டரியில் பெல்ட் அறுந்த கதையைச் சொன்னார். முதலில் கதை தங்குதடையில்லாமல் ஓடியது. காது லேசாக அடைத்தது. கொழுந்து நாராக இழுபட்டது. கதையில் ஒரு இடத்தில் மூச்சு வாங்கினார். கொழுந்து வளைந்தது, ஒடியவில்லை. கீழே நிமிர்ந்திருந்த வளைவுகள் மறுபடி வளைகின்றன என்று யாரோ கத்தினார்கள். பனி ஒரு நூல் மாதிரி வந்து எங்கள் காலைச் சுற்றியது.

"அம்மா?"

"இன்னும் வரலடி. முக்காவாசி ஒடியுது, முழுசா ஒடியல."

"அப்பா?"

"பேசிட்டுத்தான். இருக்கேன்."

வரிசை முடிந்துவிட்டது, எல்லோரும் ஊதிவிட்டார்கள், தலை சுற்றித் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். "இன்னொரு சுத்து ஊதலாம்" என்றார் மெம்பர், போர்டு நினைப்பு போகாமல். இன்னொரு சுற்று ஊதினால் அப்பா மறுபடி சுவரில் சாய்ந்துவிடுவார். ஊதாமல் மூடினால் கொழுந்து ஒடியாது.

"நான் இன்னும். ஊதல" என்றார் அப்பா.

"நீங்க ஊத வேணாம்."

"ஊர்ல எல்லாரும். ஊதிருக்காங்க. எனக்கு மட்டும். மூச்சில்லன்னு பேரா?" எழுந்து வந்தார். குழாய் மேல் குனிந்தார். கழுத்து நரம்பு தெறிக்க, கன்னம் உப்ப, ஒரு மெழுகுவத்திகூட அணையாத அளவுக்கு ஒரு சின்ன மூச்சை உள்ளே விட்டார்.

தேயிலைக் காட்டில் டிக் என்று ஒரு சத்தம் கேட்டது.

மூடியை வைத்துத் திருகினேன், என் முழு பலத்தையும் போட்டுத் திருகினேன். அம்மா ஒடிந்த கொழுந்தை உயர்த்திக் காட்டிக்கொண்டே செடிகளுக்கு நடுவில் ஓடி வந்தார். எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் குழாயைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்று, நிமிர்ந்து, "அந்தப் பெல்ட் கதைய எங்க விட்டேன்னு மறந்துருச்சு" என்றார், நின்றார், ஒரு மூச்சு இழுத்தார், "பரவால்ல முதல்லருந்து சொல்றேன் எல்லாரும் உக்காருங்க" என்று முடித்தார். ஒரே ஒரு இடத்தில்தான் நின்றார். நான் எண்ணிவிட்டேன். ஊர் கைதட்டியது. செபாஸ்டின் அண்ணன் பஸ்ஸுக்கு ஓடிப் போய் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

இப்போது மலை பழைய உயரம் இல்லை, போர்டில் புது எண் எழுதி மெம்பர் தன் பேரையும் சின்னதாகப் போட்டுக்கொண்டார். முதல் வளைவு திரும்ப வளையவே இல்லை, ரோடு அங்கே நேராகத்தான் போகிறது, மஞ்சள் போர்டு சும்மா நிற்கிறது, அதைப் பிடுங்க யாரும் விடுவதில்லை. ரெஜினா அக்காவின் சமையலறைப் பாறை முக்கால்வாசி உள்ளே போனது, மீதியில் அக்கா அரிவாள்மணை வைத்துக்கொள்கிறார். மாவு ஒன்றரை நாளில் பொங்குகிறது. கொழுந்து டிக் என்கிறது. சைக்கிளுக்கு இறக்கம் இருக்கிறது, முன்னைவிடக் கொஞ்சம் மெத்தென்று, பிடிப்பாக. என் பையில் டியூப் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. பின்னி மீந்த ஒரு யானைத் திரியைப் பள்ளிக்கூடத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அம்மா இன்னும் வெள்ளிக்கிழமை மேல் வளைவுக்கு ஒரு முட்டை கொண்டு போகிறார். அது மிதப்பதில்லை. மிதக்காததைப் பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குக் கொண்டு வந்து அப்பாவுக்கு வேக வைத்துக் கொடுக்கிறார்.

அப்பா ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துத் தூங்குகிறார். காலையில் என்னோடு மேல் வளைவு வரை நடந்து வந்து, திரியின் வாலுக்குப் பக்கத்தில் குனிந்து, கட்டைவிரலால் மலையை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்து, "காத்து இருக்கு" என்கிறார். பிறகு அன்றைக்குச் சொல்ல வேண்டிய கதையை ஆரம்பிக்கிறார், நடுவில் ஒரு இடத்தில் மூச்சு வாங்க நிற்கிறார். எனக்கு எதற்கும் பொறுமை கிடையாது என்று ஊருக்கே தெரியும். அந்த ஒரு இடத்தில் மட்டும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.